பங்களாவோடு நின்ற கம்பி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 வீதியிலிருந்து, அப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலிஎலைக்கு ஏறும் ஏ-16 வீதி பிரியும் இடம் பெரகல சந்தி. ஊவா மாகாணம், பதுளை மாவட்டம், ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவு. சந்தியில் நின்று தெற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில் உடவளவைப் பக்கத்துத் தாழ்நிலம் முழுவதும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கும். வீதியோரத் தூண்களில் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் பக்கம் பக்கமாகப் போகின்றன. வீதியை விட்டுத் தேயிலை மலைக்குள் இறங்கும் தோட்டப் பாதையில் மின்கம்பி மட்டும் தொழிலாளரின் வரிசைவீடுகளான லயம் வரை கூடவே வருகிறது. தொலைபேசிக் கம்பி தோட்ட அலுவலகத்தோடும் மேலாளரான துரையின் பங்களாவோடும் நின்றுவிடுகிறது.

வீட்டு இணையமும் தொலைக்காட்சியும் கம்பியிலிருந்து கம்பியில்லா முறைக்கு மாறுவதைப் பற்றி உலகெங்கும் நிறைய எழுதப்படுகிறது. அமெரிக்காவில் கேபிள் தொலைக்காட்சியைத் துண்டித்த குடும்பங்கள் ஆண்டுதோறும் கூடுகின்றன. பிரித்தானியா தன் பழைய செப்புக்கம்பித் தொலைபேசி வலையை 2027 ஜனவரிக்குள் மூடிவிடத் திட்டமிட்டிருக்கிறது. இந்தியாவில் ஜியோ நிறுவனம் 2023 செப்டம்பரில் ஏர்ஃபைபர் என்ற பெயரில் கம்பியில்லா வீட்டு இணையத்தைக் கொண்டுவந்தது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அங்கே கம்பி முன்பே வீட்டுக்குள் இருந்தது. வேண்டாம் என்று கைவிட்டார்கள். ஊவாத் தோட்டங்களில் கைவிடுவதற்குக் கம்பியே இருக்கவில்லை. அதனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வியும் வேறு. லயத்துக் குடும்பம் ஏன் முதல் நாளிலிருந்தே அலையை நம்பி வாழ நேர்ந்தது, அந்த அலை எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்காமல் போகிறது என்று பார்க்க வேண்டும்.

மலையகத்துக்குக் கம்பி வராமல் இல்லை. அது மிகப் பழைய காலத்திலேயே வந்தது. மலைநாட்டு ரயில் பாதை 1893 இல் அப்புத்தளையையும் 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் அடைந்தது. தண்டவாளத்தோடு தந்திக் கம்பியும் ஏறியது. தேயிலையின் விலையையும் கப்பலின் நாளையும் அறிய வேண்டியவர்களுக்கு அந்தக் கம்பி தேவைப்பட்டது. பின்னர் தொலைபேசி வந்தபோதும் அது தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்கும் அலுவலகத்துக்கும் பங்களாவுக்கும் இழுக்கப்பட்டது. கொழுந்து எடுப்பவரின் லயத்து அறையான காம்பராவுக்கு அதை இழுக்க வேண்டும் என்ற எண்ணம் எந்தக் காலத்திலும் எந்தத் திட்டத்திலும் முதன்மையாக இருந்ததில்லை.

காரணம் வெறும் தூரம் அல்ல. தோட்டக் காணி அரசுடையது. 1992 இல் அதன் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருப்பவருக்கு அந்தக் காம்பராவின் மீது உறுதி எதுவும் கிடையாது. கம்பி இழுக்கத் தூண் நட வேண்டும். தூண் நடத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். இணைப்புக்கு விண்ணப்பிக்க முகவரி வேண்டும். ஆனால் தோட்டத்து மக்களின் கடிதங்கள் நீண்ட காலமாக அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் லயத்துக்குப் போயின. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்த பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகளின் கதை எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத இடத்தில், மாதாமாதம் பில் அனுப்பி வசூலிக்கும் கம்பி இணைப்பு ஒட்டவே இல்லை. வணிகக் கணக்கும் அதற்கு எதிராகவே இருந்தது. இரண்டு கிலோமீட்டர் கம்பி இழுத்தால் இருபது காம்பரா. அந்த இருபதிலும் செலவழிக்கும் சக்தி குறைவு. இந்த இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தொலைபேசிக் கம்பனி லாபம் இல்லை என்றது, தோட்ட நிர்வாகம் அனுமதி இல்லை என்றது. இரண்டுக்கும் நடுவில் மக்கள் காத்திருந்தார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தது அலைதான். 1996 இல் சன்டெல், லங்கா பெல் ஆகிய இரண்டு நிறுவனங்களுக்குக் கம்பியில்லா நிலையான தொலைபேசி நடத்த உரிமம் கொடுக்கப்பட்டது. உள்நாட்டு நிலையான தொலைபேசியில் இலங்கை டெலிகொம் நிறுவனத்துக்கு இருந்த தனியாட்சி அத்தோடு முடிந்தது. ஆனாலும் லயத்துக்குள் அது வர இன்னும் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் எடுத்தன. சிடிஎம்ஏ என்ற கம்பியில்லாத் தொலைபேசிகள் மலிவாக வந்த பிறகுதான் நிலைமை மாறியது. மேசைத் தொலைபேசி போலவே இருக்கும். பின்னால் ஒரு சாண் நீளத்தில் ஆன்டெனா நிற்கும். டவுனில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, சுவரில் உள்ள பிளக்கில் செருகினால் போதும். தூண் வேண்டாம், துரையின் கடிதம் வேண்டாம். அலங்கார அலுமாரிக்கு மேல், பின்னல் துணி விரித்து அதன் மேல் அந்தத் தொலைபேசியை வைத்திருந்த வீடுகள் நிறைய. மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாயின் குரலும் கொழும்புக் கடையில் வேலைக்கு நின்ற மகனின் குரலும் அதில்தான் முதல் தடவையாகக் காம்பராவுக்குள் கேட்டன. 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போன சொந்தங்களோடு கடித வழியாக மட்டுமே இருந்த உறவும் பின்னர் அலைபேசியில் முகம் பார்க்கும் உறவாக மாறியது. மலையகத்தில் இணையத்தின் பயனைப் பேசுபவர்கள் படிப்பையும் தொழிலையும் முதலில் சொல்வார்கள். எனக்கு இந்த உறவுத் தொடர்பே அதன் முதற்பயன் என்று தோன்றுகிறது.

மலைநாட்டில் இணையத்தை அலைவழி கொண்டுபோகும் முயற்சி இன்னும் முந்தியது என்பது பலருக்கு நினைவில் இல்லை. நுவரெலியா மாவட்டத்தின் கொத்மலைச் சமூக வானொலி 1998 இல் யுனெஸ்கோவின் துணையோடு ஒரு புதிய முறையைத் தொடங்கியது. கேட்பவர்கள் தங்கள் கேள்விகளை எழுதி அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் அதற்கு விடை தேடி, ஒலிபரப்பில் எளிய மொழியில் விளக்குவார்கள். வீட்டில் கணினி இல்லாதவரும் வானொலிப் பெட்டி வழியாக இணையத்தைப் பயன்படுத்திய காலம் அது. ஒரே ஒரு இணைய இணைப்பு நிலையத்துக்கு வந்தது. அங்கிருந்து ஊர் முழுவதற்கும் அலை. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய லயங்களுக்கான தீர்வும் ஏறக்குறைய இதே வடிவத்தில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

தொலைக்காட்சியின் கதை சற்று வேறு. அது தொடக்கத்திலிருந்தே அலையாகத்தான் வந்தது. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கின. ரூபவாஹினியின் முதன்மைக் கோபுரம் நாட்டின் ஆக உயர்ந்த இடமான 2,524 மீட்டர் பிதுருதலாகலையில் நின்றது. அப்போது பெரும்பாலான லயங்களில் கரண்ட் கிடையாது. கார் பற்றரியை டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றி வந்து, கருப்பு வெள்ளைப் பெட்டியை லயமே கூடிப் பார்த்தது. மூங்கிலிலோ இரும்புக் குழாயிலோ கட்டிய ஆன்டெனாவைக் காற்று திருப்பிவிட்டால் படத்தில் புள்ளி விழும். 1998 இல் சக்தியும் 2009 இல் வசந்தமும் வந்தபோது தமிழ்த் தொலைக்காட்சி கூடியது. ஆனால் தரைக் கோபுரத்தின் அலை மலையைத் துளைத்துப் போகாது. பெரகலையிலிருந்து அப்புத்தளை வரை நிற்கும் மலைச்சுவரின் தெற்குச் சரிவு ஒரு கோபுரத்தைப் பார்க்கும், வடக்குச் சரிவு வேறொன்றைப் பார்க்கும். இடையில் உள்ள பள்ளத்து லயம் எதையும் பார்க்காது.

டிஷ் இதைத் தீர்த்த விதம் அழகானது. தமிழ்நாட்டில் 2007 இல் தொடங்கிய சன் டைரக்ட் போன்ற சேவைகளின் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 90 பாகைக்கு அண்மையில், நிலநடுக்கோட்டுக்கு மேல், 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கின்றன. பதுளை மாவட்டம் 81 பாகை கிழக்கில், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஏழு பாகை தூரத்தில் இருக்கிறது. கணக்கிட்டால் இங்கிருந்து அந்தக் கோள் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 75 பாகை உயரத்தில் வரும். அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். எந்தப் பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கும் மலை மறைக்காத திசை அது ஒன்றுதான். பக்கவாட்டில் வரும் கோபுர அலை கிடைக்காத இடத்தில் மேலிருந்து வரும் அலை கிடைத்ததற்கு இந்தக் கோணமே காரணம். வடக்கே ஐரோப்பிய நாடுகளில் டிஷ்ஷை அடிவானத்தை நோக்கித் தாழ்த்தி வைப்பார்கள். இங்கே அது வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும்.

டிஷ் பூட்டுவது ஒரு கூட்டு வேலை. கூரைத் தகரத்தில் ஒருவர் ஏறி நிற்பார். இஸ்தோப்பில் ஒருவர், உள்ளே பெட்டிக்கு முன்னால் ஒருவர். "அண்ணே, இன்னும் கொஞ்சம் மேல… வந்திருச்சு, வந்திருச்சு, அப்புடியே முறுக்குங்க!" அறுபது சென்ரிமீட்டர் டிஷ் ஏறத்தாழ மூன்று பாகை அகலமான கற்றையைத்தான் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரகல மலை இடைவெளியில் மரங்களே சாயும். டிஷ் இரண்டு பாகை அசைந்தாலும் படம் போய்விடும். பனிமூட்டம் படத்தை மறைக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் பனிமூட்டத்தின் நுண்துளிகள் இந்த அலையை அதிகம் பாதிப்பதில்லை. பெரிய மழைத்துளிகளே 12 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்குகின்றன. ஐப்பசி மழையில் படம் உறைந்து நிற்பது அதனால்தான்.

இந்த இந்தியச் சேவைகள் இலங்கை உரிமத்துக்கு வெளியே, தெரிந்தவர் ஒருவர் அங்கிருந்து ரீசார்ஜ் செய்ய ஓடியவை. உள்ளூரில் டயலொக் நிறுவனமும் 2007 முதல் டிஷ் வழியாகத் தொலைக்காட்சி கொடுத்தது. 2008 இல் டெலிகொம் நிறுவனம் தொடங்கிய பியோ டிவி தொலைபேசிக் கம்பி வழியாக வருவது. நகரத்து வீடுகளில் அது நன்றாக ஓடியது. கம்பி இல்லாத லயத்துக்கு அந்தத் தெரிவே கிடைக்கவில்லை. நாட்டில் கம்பித் தொலைக்காட்சி ஓரளவு பரவிய காலத்திலும் தோட்டத்து மக்கள் அதன் வெளியிலேயே நின்றார்கள் என்பதற்கு இது நேரடிச் சான்று.

இப்போது இணையத்துக்கு வருவோம். இலங்கையில் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் 4ஜி வந்தது. முதலில் வந்ததே வீட்டுக்கான நிலையான 4ஜி. ஒரு ரவுட்டர், அதற்குள் சிம், சுவரில் பிளக். சிடிஎம்ஏ தொலைபேசி போலவே இதுவும் யாருடைய அனுமதியும் இல்லாமல் லயத்துக்குள் வந்தது. ஆனால் குரலுக்குப் போதுமான அலை படத்துக்குப் போதாது. அலைவரிசை கூடக் கூட அது மலையைச் சுற்றி வளைந்து போகும் திறனை இழக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலை முகட்டைத் தாண்டிப் பள்ளத்துக்குள் கொஞ்சமாவது சரியும். 2300, 2600 மெகாஹெர்ட்ஸ் அலை முகட்டோடு நின்றுவிடும். நனைந்த இலைகள் அதை இன்னும் தின்னும். லயத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் ஒரு வரிசை டர்பன்டைன் மரங்கள் இருந்தால், மழைநாளில் வேகம் பாதியாகும்.

அதனால் தோட்டத்து வீட்டில் ரவுட்டர் இருக்கும் இடமே தனி. மேசை மேல் அல்ல. கோபுரத்தைப் பார்த்த சன்னல் கம்பியில், கயிற்றால் கட்டி, மழைச்சாரல் படாமல் பொலித்தீன் சுற்றி வைத்திருப்பார்கள். சன்னல் இல்லாத பின்காம்பராவில் சிக்னல் வராது. லயத்துக் காம்பராவில் சன்னல்கள் எத்தனை என்பது நூறு ஆண்டுக்கு முன் கட்டியவர் தீர்மானித்தது. பிள்ளை படிப்பதும் ஆச்சி படுப்பதும் அம்மா சமைப்பதும் அதே அறைகளுக்குள்தான். சன்னலோரம் ஒருவர் உட்கார்ந்து வகுப்பைக் கேட்டால் மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தக் குறைகள் எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தன. வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தைத் தரவிறக்க, தகப்பனின் ஒரே போனுக்காக, மாலையில் அவர் வேலை முடிந்து வரும் வரை பிள்ளைகள் காத்திருந்தார்கள். மத்திய இலங்கையின் போஹிடியாவக் கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிய செய்தி 2021 இல் உலகப் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. தோட்டங்களில் அது செய்தியாகவே ஆகவில்லை. மேட்டுத் தேயிலைக்குள் சிக்னல் கிடைக்கும் கல்லில் பிள்ளைகள் கூடுவது அன்றாடமாக இருந்தது. அந்த நாட்களில் நேத்ரா தொலைக்காட்சியில் வந்த குருகெதர பாடங்களே பல வீடுகளுக்கு எட்டின. அதற்கு டேட்டா தேவைப்படவில்லை. ஒரு கோபுரம் அனுப்புவதைப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் செலவு ஒன்றே. ஒலிபரப்பின் இந்தக் குணத்தை இணையம் வந்த பரபரப்பில் நாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம்.

இதை எண்களில் பார்க்கலாம். சாதாரணத் தரத்தில் ஒரு மணிநேரக் காணொளிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் போகும். உயர்தரம் என்றால் மூன்று. ஒரு குடும்பம் நாளுக்கு நான்கு மணிநேரம் தொலைக்காட்சியை இணையத்தில் பார்த்தால் மாதத்துக்கு 120 முதல் 360 கிகாபைட். இனி கோபுரத்தின் பக்கம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடும் 4ஜி அலைக்கற்றையின் உச்ச வேகம், வழமையான அமைப்பில், வினாடிக்கு 150 மெகாபிட். அந்த வேகம் கோபுரத்தின் ஒரு பக்கம் முழுவதற்கும் பொது. உயர்தரப் படத்துக்கு ஐந்து மெகாபிட் என்று வைத்தால், எந்தத் தடையும் இல்லாத கற்பனை நிலையிலேயே ஒரே நேரத்தில் முப்பது வீடுகள். மலைமறைவில் அது பத்தாகவும் சுருங்கலாம். இரவு ஏழு மணிக்குச் சீரியல் தொடங்கும் நேரத்தில் இரண்டு லயங்கள் பார்த்தாலே கோபுரம் திணறும். அந்த நேரத்தில்தான் பிள்ளையும் படிக்க உட்காரும்.

ஆகவே தொலைக்காட்சியையும் இணையத்துக்கு மாற்றிவிடலாம் என்று நகரத்தில் கொடுக்கப்படும் ஆலோசனை லயத்துக்குப் பொருந்தாது. தொலைக்காட்சி வானத்திலிருந்து டிஷ்ஷில் வரட்டும்; கோபுரத்தின் சிறிய கொள்ளளவு படிப்புக்கும் பேச்சுக்கும் வங்கிக்கும் வைத்தியத்துக்கும் இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மாதக் கடைசியில் "டேட்டா முடிஞ்சிருச்சு" என்று பிள்ளையின் வகுப்பு நின்றுபோகும் வீடுகளில், பெரும்பாலும் அந்த டேட்டாவைத் தின்றது காணொளிதான்.

பணத்தையும் பேச வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில், செப்டம்பர் முதல், அலைபேசி மற்றும் இணையக் கட்டணங்கள் 20 வீதமும் கட்டணத் தொலைக்காட்சி 25 வீதமும் உயர்ந்தன. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2021 இல் 900 ரூபா, 2024 செப்டம்பரில் 1,350 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வரவுக்காக அரசு 200 ரூபா சேர்ப்பதாக அறிவிக்கப்பட்டது. இந்தச் சம்பளமும் பேர் விழுந்த, அதாவது வேலை பதிவான, நாளுக்கு மட்டும். மாதச் சம்பளக்காரருக்கு வடிவமைத்த மாதப் பொதியை நாட்சம்பளக்காரர் எடுக்க முடியாமல், நூறு, இருநூறு ரூபாவுக்கு ரீலோட் போட்டுக்கொண்டே இருக்கிறார். சில்லறையாக வாங்குவதால் ஒரு கிகாபைட்டுக்கு அவர் கொடுக்கும் விலை கொழும்பில் ஃபைபர் வைத்திருப்பவர் கொடுப்பதைவிடக் கூட. ஏழைக்கு இணையம் விலை கூட என்பதே கம்பி இல்லாததன் நேரடி விளைவு.

இன்னொரு விளைவு உயிரோடு சம்பந்தப்பட்டது. பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி ஏ-4 வீதியில் போனால் கொஸ்லந்தை வரும். அங்குள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். போவதற்கு இடம் கொடுக்கப்படாததுதான் அடிப்படைக் குற்றம். அதற்கு அடுத்தபடியாக, அந்தந்த நேரத்து எச்சரிக்கை அந்தந்த லயத்துக்குத் தமிழில் போய்ச் சேரும் வழியும் இருக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை அல்லது பிந்தி வந்தன என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. மின்சாரம் போனது, வீதிகள் உடைந்தன, ஆயிரக்கணக்கான அலைபேசிக் கோபுரத் தளங்கள் செயலிழந்தன. கோபுரம் தானாக நிற்பதில்லை. அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பற்றரி சில மணிநேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வீதி வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டப்பட்ட காலத்திலேயே இதை நாம் அனுபவித்தோம். அதோடு கோபுரத்துக்கு வரும் இணையமும் கடைசியில் ஃபைபர் கம்பியிலோ, ஃபைபர் உள்ள இன்னொரு கோபுரத்திலிருந்து வரும் நுண்ணலையிலோதான் வருகிறது. கம்பியில்லா இணையம் என்று நாம் சொல்வதில் கம்பி இல்லாதது கடைசி ஓரிரு கிலோமீட்டர் மட்டுமே.

இந்தச் சார்பிலிருந்து பெருமளவு விலகி நிற்பது செயற்கைக்கோள் வழி இணையமான ஸ்டார்லிங்க். 2024 ஜூலையில் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டது, ஆகஸ்டில் உரிமம் கிடைத்தது, 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் கோள்கள் என்பதால் பேச்சில் தாமதம் தெரிவதில்லை. டித்வாவுக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்கு டிசம்பர் இறுதி வரை அந்த நிறுவனம் இலவசமாகவும் கொடுத்தது. ஆனால் தொலைக்காட்சி டிஷ் போல இது ஒரே புள்ளியைப் பார்ப்பதில்லை; ஓடும் கோள்களைத் தொடர வானத்தின் அகன்ற பகுதி திறந்திருக்க வேண்டும். குறுகிய பள்ளத்திலும் மரங்களுக்கு நடுவிலும் அடிக்கடி அறுபடும். அறிமுகமானபோது மிகக் குறைந்த மாதக் கட்டணம் 12,000 ரூபா, கருவிக்கு அதற்கு மேல் ஒரு இலட்சத்துக்கும் கூட. அன்றைய 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஒன்பது நாள் பேர் அந்த மாதக் கட்டணத்துக்கே போயிருக்கும். ஒரு குடும்பத்துக்கு இது ஆகாது. தோட்டத்து மருந்தகத்திலும் பாடசாலையிலும் ஒன்று இருக்குமானால், வீதி உடைந்து கோபுரம் விழுந்த இரவில் வெளியுலகத்தோடு பேச ஒரு வழி இருக்கும். அந்த அளவில் இதை அரசு வாங்கி வைக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

அன்றாடத்துக்கான வழி வேறு. கேரளத்தில் 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் திட்டம், மாநில மின்சார சபையின் தூண்களிலேயே ஃபைபரைக் கொண்டுபோனது. வறிய குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதும் அதன் நோக்கத்தில் இருந்தது. நம் தோட்டங்களிலும் மின்தூண் ஏற்கெனவே லயம் வரை போய்விட்டது. அதற்கான அனுமதி, பாதை, தூண் எல்லாம் கொடுக்கப்பட்டு முடிந்த விடயம். அதே மின்தூண்களில் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு இடம் வரை, பிள்ளை மடுவத்துக்கோ பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ, ஃபைபர் கட்டினால், அங்கிருந்து சிறிய வைஃபை கம்பங்கள் லயங்களுக்கு அலையைக் கொடுக்கும். ஒவ்வொரு காம்பராவுக்கும் உறுதி, முகவரி, பில் என்ற சிக்கல் வராது. கொத்மலை வானொலியில் நடந்ததும் இதுதான்: இணைப்பு ஒரு பொது இடத்துக்கு, அங்கிருந்து அலை எல்லோருக்கும். கம்பியை நகரத்துக்கும் அலையை மட்டும் தோட்டத்துக்கும் என்று பிரிப்பதில் இருக்கும் அநீதி இதில் இல்லை.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கிராமங்களுக்கு 4ஜி கோபுரங்கள் அமைக்கக் கம்பனிகளுக்கு மானியம் கொடுக்கும் 'கமட்ட சன்னிவேதனய' திட்டத்தை இரத்தினபுரியில் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் கவரேஜ் வரைபடத்தில் நிறம் பூசிய இடத்தில் எல்லாம் சிக்னல் இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. பிரதேச செயலகப் பிரிவு என்ற அளவில் பார்த்தால் ஹல்துமுல்லைக்குச் சிக்னல் உண்டு. மேட்டு லயத்தில் உண்டு, அதே டிவிசனின் பணிய லயத்தில் இல்லை என்பதை அந்த வரைபடம் காட்டாது. கணினி அறிவு பற்றிய அரச புள்ளிவிபரங்கள் நகரம், கிராமம், தோட்டம் என்று தனித்தனியாகப் பிரித்து வருவதால்தான் தோட்டம் கடைசியில் நிற்பது தெரிகிறது. சிக்னலையும் அப்படித் தோட்டவாரியாக, லயவாரியாக அளக்க வேண்டும்.

அலைக்கற்றை பற்றியும் ஒரு முடிவு தாமதமாகிக்கொண்டே இருக்கிறது. ஜப்பானிய முறையில் எண்மத் தொலைக்காட்சிக்கு மாறுவதென்று இலங்கை 2014 இல் முடிவெடுத்தது. பத்து ஆண்டுகள் கடந்தும் பழைய அனலாக் ஒளிபரப்புத் தொடர்ந்தது. மாற்றம் முடிந்தால் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி அலைபேசிச் சேவைக்கு விடுபடும். முகட்டைத் தாண்டிப் பள்ளத்துக்குள் இறங்கக்கூடிய அலை அதுதான். கொழும்புக்கு இந்தத் தாமதத்தால் பெரிய இழப்பு இல்லை; அங்கே உயர்ந்த அலைவரிசையும் நன்றாக ஓடும். இழப்பு முழுவதும் ஊவா, மத்திய, சப்ரகமுவ மலைகளில் இருப்பவர்களுக்கே. அந்த அலைக்கற்றையை ஏலம் விடும் நாளில், மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சேவை கொடுப்பதை உரிம நிபந்தனையாக எழுத வேண்டும்.

கம்பிக்கு வழிவிட இன்னொரு வாய்ப்பு புதிய வீடுகளில் இருக்கிறது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இந்திய உதவி வீட்டுத் திட்டத்தின் கீழ் இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. மீரியபெத்தையில் தப்பியவர்களுக்குப் பூனாகலை மக்கல்தெனியவில் வீடுகள் கட்டப்பட்டது போல, டித்வாவுக்குப் பிறகும் பதுளை மாவட்டத்தில் புதிய குடியேற்றங்கள் கட்டப்பட வேண்டியிருக்கிறது. அங்கே தண்ணீர்க் குழாய்க்கு வாய்க்கால் வெட்டும்போதே அதே வாய்க்காலில் ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்துவிட்டால், பின்னர் ஃபைபரை அதற்குள் செலுத்தலாம். அப்போது மீண்டும் தோண்ட வேண்டியதில்லை. இதற்கு ஆகும் செலவு வீட்டின் செலவில் மிகச் சிறு பங்கு. வீட்டுத் திட்ட வரைபடம் பிரதேச செயலகத்துக்கு வரும்போது அந்தக் குழாய் அதில் இருக்கிறதா என்று தோட்டச் சங்கங்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் கேட்க வேண்டும். இல்லை என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.